கல்லூரி அருங்காட்சியகப் பொருள்களுக்கு எண் இடுவதும் பதிவதும் சீட்டு வைப்பதும்

கேள்வியின் சுருக்கம் இது. ஒரு கல்லூரியின் வரலாற்றுத் துறையில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த பழம்பொருள்கள் ஓர் அறையில் இருக்கின்றன. காசுகள், ஓலைச்சுவடிகள், பானை ஓடுகள், பித்தளை விளக்குகள், மரக்கால், படி முதலிய அளவைகள், பழைய ஒளிப்படங்கள், சில துணிகள் என அவை பல வகைப்பட்டவை. சிலவற்றில் யாரோ எப்போதோ எழுதிய எண்கள் உள்ளன. பலவற்றில் எதுவும் இல்லை. புதிதாகப் பொறுப்பேற்ற ஆசிரியர், காசுக்கு ‘கா-1’, சுவடிக்கு ‘சு-1’ என்று வகைவாரியாக எண் கொடுக்கலாமா, அதை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டலாமா, கியூஆர் குறியீடு இருந்தால் போதாதா என்று கேட்டிருக்கிறார்.

வகைவாரி எண் வேண்டாம். ஸ்டிக்கரை எந்தப் பொருளின் மேலும் ஒட்டக் கூடாது. கியூஆர் குறியீடு பெட்டியின் மேலும் காட்சிப் பேழையின் அருகிலும் பயன்படும். ஆனால் கண்ணால் படிக்கக்கூடிய எண்ணின் இடத்தை அது பிடிக்க முடியாது. இந்த மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். பொருளையும், அதைப் பற்றி நமக்குத் தெரிந்த செய்தியையும் என்றைக்கும் பிரியாமல் கட்டிவைப்பது மட்டுமே எண்ணின் வேலை. வேறு எந்த வேலையையும் அதன்மேல் ஏற்றினால் அந்த ஒரு வேலை கெடும்.

அந்தக் கட்டு எவ்வளவு மதிப்புடையது என்பதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், அதன்பின் பல பத்தாண்டுகள் தென்னிந்தியா முழுவதும் கற்கருவிகளையும் பானை ஓடுகளையும் சேர்த்தார். அந்தத் தொகுப்பைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1904இல் வாங்கியது. அதன் விளக்க அட்டவணை 1914இலும், காலமும் பரவலும் பற்றிய குறிப்புகள் 1916இலும் அச்சாயின. ஒவ்வொரு கல்லும் எந்த ஊரில் கிடைத்தது என்பது எண் வழியாக அட்டவணையோடு பிணைக்கப்பட்டதால்தான், நூறாண்டுக்கு மேல் கடந்தும் ஆய்வாளர்கள் அந்தக் கற்களைக் கையில் எடுத்து, உரிய இடத்தோடு பொருத்திப் பேச முடிகிறது. எண் அழிந்துபோன கற்கருவி அழகான கூழாங்கல்லாக மட்டுமே மிஞ்சும். எந்த ஊர், எந்த ஆற்றுப் படுகை என்று கல் தானாகச் சொல்லாது.

பதிவு இல்லாததால் வரும் இழப்புக்கு அண்மைக்காலச் சான்று பிரிட்டிஷ் அருங்காட்சியகம். சுமார் 2,000 பொருள்கள் காணாமற்போயும் திருடப்பட்டும் சேதமுற்றும் இருப்பதாக 2023ஆம் ஆண்டு தெரியவந்தபோது, அவற்றுள் பல முறையாகப் பட்டியலில் ஏறாத சிறு மணிக்கற்களும் நகைகளும் என்பது வெளிப்பட்டது. 1753இல் தொடங்கிய, உலகின் மிகப் பெரிய நிறுவனங்களுள் ஒன்றான அதுவே, ஒரு மணிக்கல் தன்னுடையதுதான் என்று காட்டப் படமும் விவரிப்பும் இன்றித் திணறியது. இயக்குநர் பதவி விலகினார். தொகுப்பு முழுவதையும் ஐந்தாண்டுகளில் கணினிப் பதிவுக்குக் கொண்டுவரும் திட்டம் அதன் பிறகு அறிவிக்கப்பட்டது. உங்கள் அறையில் இருப்பது ஒரே ஓர் அலமாரிதான் என்றாலும் நிலைமை வேறல்ல. ஒரு சிறு காசு மறைந்தால், அது இருந்தது என்பதற்குப் பதிவேட்டு வரியும் படமும் மட்டுமே சாட்சி.

இனி எண்ணின் அமைப்புக்கு வருகிறேன். உலகில் பல அருங்காட்சியகங்கள் பின்பற்றுவது மூன்று பகுதி கொண்ட சேர்க்கை எண். முதல் பகுதி பொருள் சேர்ந்த ஆண்டு; இரண்டாவது, அந்த ஆண்டில் அது எத்தனையாவது வரவு; மூன்றாவது, அந்த வரவுக்குள் அது எத்தனையாவது பொருள். 2025.003.0012 என்றால் 2025ஆம் ஆண்டின் மூன்றாம் வரவில் பன்னிரண்டாம் பொருள். ‘வரவு’ என்பது ஒரே மூலத்திலிருந்து ஒரே நேரத்தில் வந்தவை அனைத்தும். ஒரு குடும்பத்தார் தங்கள் பழைய வீட்டைக் காலி செய்யும்போது குத்துவிளக்கு, மரக்கால், இரண்டு சுவடிக் கட்டு, ஒரு கல்யாணப் படம் ஆகியவற்றைக் கொடுத்தால், அவை நான்கு வகையாக இருந்தாலும் ஒரே வரவு எண்ணின் கீழ்தான் வர வேண்டும்.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் பதிவெண்கள் இதையே நாள் கணக்கில் செய்கின்றன. அங்குள்ள ஆந்திரத்து அமராவதிச் சிற்பங்களின் எண்கள் 1880,0709 என்று தொடங்கும். அதாவது 1880 ஜூலை 9. இங்கிலாந்தின் சட்டன் ஹூ என்னும் இடத்தில், இறந்த ஒருவருக்காகக் கப்பலோடு புதைத்த பழங்காலக் குழியில் கிடைத்த புகழ்பெற்ற தலைக்கவசம் 1939,1010.93. அந்தப் புதைகுழியில் கிடைத்த பொன், இரும்பு, வெள்ளி, காசு எல்லாம் 1939,1010 என்ற ஒரே தொடரில் நிற்கின்றன. பொன்னுக்கு ஒரு தொடர், இரும்புக்கு ஒரு தொடர் என்று பிரித்திருந்தால், ஒரே மனிதனுக்காக ஒரே குழியில் வைக்கப்பட்டவை என்ற முதன்மையான செய்தி எண்ணிலிருந்து போயிருக்கும். ‘கா-1’, ‘சு-1’ முறையின் பெரிய குறை இதுவே. அது பொருளின் குடும்பத்தைக் கலைத்துவிடுகிறது.

வகைவாரி எண்ணுக்கு இன்னொரு குறையும் உண்டு. வகை என்பது நம் கருத்து, கருத்து மாறும். இன்று ‘விளக்கு’ என்று எழுதியது நாளை தூபக்கால் என்று தெரியலாம். எழுத்துப் பொறித்த பானை ஓடு பானை ஓட்டில் சேருமா, கல்வெட்டியலில் சேருமா? படம் வரைந்த சுவடி சுவடியா, ஓவியமா? எண்ணுக்குள் வகை இருந்தால், ஒவ்வொரு திருத்தத்துக்கும் எண்ணையே மாற்ற வேண்டிவரும்; மாற்றிய எண் பழைய குறிப்புகளோடும் படங்களோடும் பொருந்தாது. வகை, செய்பொருள் (எதனால் செய்யப்பட்டது), காலம், இருக்கும் அலமாரி ஆகிய எல்லாவற்றுக்கும் பதிவேட்டில் தனித்தனிக் கட்டம் கொடுங்கள். எண் வெறும் எண்ணாக இருக்கட்டும்.

பல உறுப்புகள் கொண்ட பொருளுக்குக் கடைசியில் எழுத்துச் சேர்க்கலாம். மூடியுள்ள சொம்பு என்றால் சொம்பு 2025.003.0004அ, மூடி 2025.003.0004ஆ. ஒரு சுவடிக் கட்டில் இரண்டு மூன்று நூல்கள் சேர்த்துக் கோக்கப்பட்டிருந்தாலும் இதே முறை பொருந்தும். கட்டுக்கு ஓர் எண், உள்ளே உள்ள நூல்களுக்கு அ, ஆ, இ. எழுத்துக்கு முன் இடைவெளி விடுவதா வேண்டாமா என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்து, பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். இருவர் இரண்டு விதமாக எழுதினால் கணினி அவற்றை இரண்டு பொருள்களாகவே எண்ணும்.

உங்கள் அறையில் ஏற்கெனவே கிடப்பவற்றின் நிலைதான் சற்றுச் சிக்கலானது. அவை எப்போது, யாரிடமிருந்து வந்தன என்பது தெரியாது. ஊகித்து ஓர் ஆண்டைப் போட்டுவிடாதீர்கள். அவை அனைத்தையும் பதியத் தொடங்கும் ஆண்டின் ஒரே வரவாக, 2025இல் தொடங்கினால் 2025.001 என்பதாக, எடுத்துக்கொண்டு, ‘மூலம்’ என்ற கட்டத்தில் ‘துறையில் முன்பே இருந்தது, மூலம் தெரியவில்லை’ என்று எழுதுங்கள். பின்னாளில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் ‘இதை நாங்கள் 1978இல் களப்பயணத்தில் எடுத்துவந்தோம்’ என்று சொன்னால், அதை அவர் பெயரோடும் சொன்ன நாளோடும் குறிப்பில் சேருங்கள். எண்ணை மாற்ற வேண்டாம்.

பொருளின் மேலுள்ள பழைய எண்களைச் சுரண்டியோ கழுவியோ எடுக்கக் கூடாது. அவை சரியாக எழுதப்பட்டிருக்காது, அழகாகவும் இருக்காது; ஆனால் ஒவ்வொன்றும் ஒரு தடயம். பானை ஓட்டின் உட்புறத்தில் கறுப்பு மையில் இருக்கும் எழுத்துகள், அகழாய்வு இடத்தின் குறியீடாகவும் குழி எண்ணாகவும் மண்ணடுக்கின் எண்ணாகவும் இருக்க வாய்ப்புண்டு. அகழாய்வாளர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். சுவடிக் கட்டின் பலகையில் இருக்கும் எண் வேறொரு நூலகத்தின் அட்டவணை எண்ணாக இருக்கலாம். அச்சான அட்டவணைகளும் பழையன. தஞ்சை அரண்மனைச் சுவடிகளுக்கு ஆங்கிலேய அதிகாரி பர்னெல் தயாரித்தது 1880இலேயே வந்துவிட்டது. ஆதிச்சநல்லூர்ப் பொருள்களுக்குத் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தயாரித்தது 1915இல் வந்தது. எனவே ‘பழைய எண்கள்’ என்று ஒரு கட்டம் வைத்து, பொருளின் மேல் காணப்படும் ஒவ்வோர் எண்ணையும் உள்ளபடியே படியெடுத்து, அது எந்த இடத்தில், எந்த நிற மையில் உள்ளது என்றும் எழுதுங்கள். படமும் எடுத்துவையுங்கள்.

பதிவேடு கட்டாயம் தையல் போட்ட, தடித்த அட்டையுள்ள புத்தகமாக இருக்க வேண்டும். தாள் கழற்றக்கூடிய கோப்பு கூடாது. பக்கங்களுக்கு முன்கூட்டியே எண் அச்சிட்டிருக்க வேண்டும். அழியாத மையில் எழுத வேண்டும். பிழை நேர்ந்தால் ஒரே கோடு இழுத்து, மேலே சரியானதை எழுதி, சுருக்கொப்பமும் நாளும் இட வேண்டும். வெள்ளை மை தடவித் திருத்தக் கூடாது. கணினி இருக்கும்போது இது எதற்கு என்று பலரும் கேட்கிறார்கள். கணினிப் பதிவை யார், எப்போது மாற்றினார் என்பதைச் சாதாரண எக்செல் கோப்பு காட்டாது. தைத்த புத்தகத்தில் கிழித்த பக்கமும் திருத்திய வரியும் பளிச்சென்று தெரியும். திருட்டு வழக்கிலும் உரிமை வழக்கிலும் அந்தப் புத்தகம் வலுவான சான்றாக உதவும். ஆண்டுக்கு ஒருமுறை அதை முழுவதும் ஸ்கேன் செய்து, ஒரு படியைக் கல்லூரி அலுவலகத்திலும் மற்றொன்றைக் கல்லூரிக்கு வெளியிலும் வையுங்கள்.

பொருள் வந்த வழியை எழுதும் கட்டத்தில் சோம்பல் கூடாது. நன்கொடை என்றால் கொடுத்தவர் ஒப்பமிட்ட கடிதம் வேண்டும். ‘கண்காட்சிக்காகத் தந்தோம், திருப்பிக் கொடுங்கள்’ என்று அடுத்த தலைமுறை வந்து நிற்பது வழக்கமாக நடப்பதுதான். இரவலாக வந்ததைச் சேர்க்கை எண்ணில் ஏற்றாமல், தனித் தொடரில், திருப்பித் தர வேண்டிய நாளோடு பதியுங்கள். மண்ணுக்குள்ளிருந்து கிடைத்ததாகச் சொல்லி யாரேனும் காசுக் குவியலோ செப்புத் திருமேனியோ கொண்டுவந்தால் அதை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி அது மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கப்பட வேண்டியது. நூறாண்டுக்கு மேற்பட்ட சிற்பங்களும் ஓவியங்களும் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின் கீழ்ப் பதிவு தொடர்பான விதிகளுக்கு உட்பட்டவை. உங்கள் தொகுப்பில் அப்படி ஏதேனும் இருந்தால், தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடம் கேட்டுத் தெளிவுபெறுவது முதல் வேலைகளுள் ஒன்றாக இருக்கட்டும்.

விவரிப்பில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதற்கு ‘ஆப்ஜெக்ட் ஐடி’ என்ற பன்னாட்டு வரையறை நல்ல வழிகாட்டி. திருடுபோன கலைப்பொருள்களைக் காவல்துறையும் சுங்கத்துறையும் அடையாளம் காண்பதற்காக 1997இல் வெளியிடப்பட்டது அது. படம், பொருளின் வகை, செய்பொருள், அளவு, எழுத்தும் முத்திரையும், தனி அடையாளங்கள், தலைப்பு, உருவப் பொருள் (எதைச் சித்திரிக்கிறது), காலம், செய்தவர் என்பவையே அது கேட்பவை. இவற்றுள் நம்மவர்கள் மிகவும் விட்டுவிடுவது ‘தனி அடையாளங்கள்’. ‘பித்தளைக் குத்துவிளக்கு, உயரம் 62 செ.மீ.’ என்ற வரி தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான விளக்குகளுக்குப் பொருந்தும். ‘ஐந்து முகங்களில் ஒன்றின் நுனி வளைந்துள்ளது, தண்டின் இரண்டாம் கணுவுக்குக் கீழே பற்றவைத்த தழும்பு, அடித்தட்டின் விளிம்பில் மூன்று எழுத்து வெட்டப்பட்டுள்ளது’ என்று எழுதினால் அது உலகில் ஒரே ஒரு விளக்கு.

ஸ்ரீபுரந்தான் நடராசர் மீண்டது இத்தகைய விவரங்களால்தான். அரியலூர் மாவட்டத்துக் கோயிலிலிருந்து திருடப்பட்டு, 2008இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் டாலர் அளவுக்கு விலை கொடுத்து வாங்கிய அந்தத் திருமேனி 2014 செப்டம்பரில் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. கோயிலில் இருந்தபோது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் எடுத்துவைத்த படங்கள் அதை அடையாளம் காட்டின. 1956 முதல் அந்த நிறுவனம் ஊர் ஊராகச் சென்று எடுத்த படங்கள் ஆய்வுக்காக எடுக்கப்பட்டவை. திருட்டைத் தடுக்கும் நோக்கம் அவற்றுக்கு இல்லை. ஆனாலும் ஊரும் கோயிலும் குறித்து ஒழுங்காக வரிசைப்படுத்தி வைத்ததனால், தேவைப்பட்டபோது அந்த ஒரு படம் கைக்கு வந்தது. உங்கள் படங்களுக்கும் அந்த ஒழுங்கு வேண்டும். ஒவ்வொரு படத்திலும் பொருளின் அருகே அளவுகோலும் எண் எழுதிய அட்டையும் இருக்க வேண்டும். படக் கோப்பின் பெயரும் அதே எண்ணாக இருக்க வேண்டும். கைப்பேசிப் படமே போதும், வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழுந்தால் வெட்டெழுத்தும் கீறலும் தெளியும்.

பொருளின் பெயரை எழுதும்போது, உங்களுக்குள் ஒரு சொற்பட்டியல் வைத்துக்கொண்டு அதிலிருந்தே எழுதுங்கள். ஓரிடத்தில் ‘குத்துவிளக்கு’, ஓரிடத்தில் ‘நிலைவிளக்கு’, ஓரிடத்தில் வெறும் ‘விளக்கு’ என்றிருந்தால் தேடும்போது கிடைக்காது. அதே நேரத்தில், கொடுத்தவர் தம் வீட்டில் அதை என்ன பெயரிட்டு அழைத்தார் என்பதற்கும் ஒரு கட்டம் கொடுங்கள். அந்த ஊர்ப்பெயர் வேறு எந்த நூலிலும் இருக்காது.

இப்போது எண்ணைப் பொருளின் மேல் இடும் முறை. ஸ்டிக்கரின் பசை நம் ஊர் வெயிலில் இளகிப் பொருளுக்குள் இறங்கும். சில ஆண்டுகளில் தாள் உதிர்ந்துவிடும், பசையின் கறை மட்டும் நிற்கும். செல்லோடேப்பும் அப்படியே. ரப்பர் வளையத்தில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். குண்டூசி, ஸ்டேப்பிள் முள், கம்பி எல்லாம் கடலோர ஈரத்தில் துருவேறித் துணியையும் தாளையும் கெடுக்கும். நகப்பூச்சு மஞ்சளாகிச் செதில் செதிலாக உரியும். இவற்றுக்கு மாற்றாக இரண்டு அளவுகோல்களை மனத்தில் வையுங்கள்: எண் தற்செயலாக அழியக் கூடாது, வேண்டும்போது பொருளுக்குத் தழும்பில்லாமல் அகற்ற இயல வேண்டும்.

உலோகம், கல், மெருகிட்ட மட்பாண்டம், கண்ணாடி போன்ற உறுதியான பரப்புகளுக்கு உலகெங்கும் பயன்படுவது பாராலாய்டு பி-72 என்னும் அக்ரிலிக் பிசின். மணிமணியாகக் கிடைக்கும் அதை அசிட்டோனில் சுமார் 20 விழுக்காடு அளவுக்குக் கரைத்து, சிறு கண்ணாடிக் குப்பியில் வைத்துக்கொள்ள வேண்டும். பித்தளை விளக்கை எடுத்துக்கொள்வோம். அதை மென்துணி விரித்த மேசையில் படுக்கவையுங்கள். அடித்தட்டின் உட்புறத்தில், தரையில் உராயாத, பார்வையாளர் கண்ணில் படாத, ஆனால் விளக்கை முழுதாகத் தலைகீழாக்காமல் படிக்க இயலும் ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். உலர்ந்த மென்தூரிகையால் தூசியைத் தட்டிவிட்டு, எண் அடங்கும் அளவுக்கு மட்டும் பிசினை ஒரு பூச்சுப் பூசுங்கள். அது நன்றாகக் காய்ந்தபின் அதன்மேல், பொருளின்மேல் அல்ல, எளிதில் மங்காத நிறமி மையால் சிறிய, தெளிந்த எழுத்தில் எண்ணை எழுதுங்கள். இருண்ட பரப்புக்கு டைட்டானியம் வெள்ளை அக்ரிலிக் மை ஏற்றது. மை காய்ந்ததும் மேலே இன்னொரு பூச்சு. அதே பி-72ஐ மேலேயும் தடவினால் அசிட்டோன் அடிப்பூச்சை இளக்கி எழுத்தைக் கலைத்துவிடக்கூடும் என்பதால், வேறு கரைப்பானில் கரையும் பாராலாய்டு பி-67ஐ மேற்பூச்சுக்குக் கொள்வது வழக்கம். என்றாவது எண்ணை எடுக்க வேண்டுமானால், கரைப்பான் தோய்த்த பஞ்சால் மெல்ல ஒற்றி எடுத்தால் விளக்கு பழையபடி இருக்கும்.

கையெழுத்து சிறிதாக வராதவர்கள், அமிலமற்ற மெல்லிய தாளில் எண்ணை நிறமி மையால் அச்சிட்டு நறுக்கி, அதே பி-72ஐக் கொண்டு ஒட்டலாம். சொரசொரப்பான சுடுமண் பரப்புக்கு இது மையால் எழுதுவதைவிடச் சிறப்பாக அமைகிறது. அசிட்டோன் தீப்பற்றக்கூடியது, சன்னல் திறந்த அறையில், சுடர் எதுவும் அருகில் இல்லாமல் செய்யுங்கள். மாணவர்களை உதவிக்கு அழைத்தால், மதிப்பற்ற ஓர் உடைந்த ஓட்டில் பழக்கிய பிறகே தொகுப்பில் கைவைக்க விடுங்கள்.

எண் இடும் முன் விளக்கைப் ‘பளிச்’சென்று ஆக்கும் ஆசை எழும். புளி போட்டுத் துலக்காதீர்கள், மெருகேற்றும் திரவமும் வேண்டாம். உலோகத்தின் மேல் படிந்த பழைய படலம் அதன் வரலாற்றின் ஒரு பகுதி. துலக்கத் துலக்க வெட்டெழுத்தும் தேயும். விழாவுக்கு விருந்தினர் வருகிறார் என்பதற்காகத் தொகுப்புப் பொருளைத் துலக்கி வைப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் பழக்கம்.

பானை ஓட்டில் உட்புறத்தில் எழுதுங்கள். உடைந்த விளிம்பில் எழுதக் கூடாது, வேறொரு துண்டோடு பொருத்த வேண்டிய இடம் அது. தோல், ரப்பர், பிளாஸ்டிக், அரக்குப் பூச்சு, வண்ணம் உரியும் மரம் ஆகியவற்றின் அருகே அசிட்டோனைக் கொண்டுபோகவே கூடாது. அவற்றுக்கு வெளுக்காத பருத்தி நாடாவில் எண் எழுதித் தளர்வாகக் கட்டுவதே முறை.

காசின் மேல் எதையும் எழுதக் கூடாது, ஒட்டவும் கூடாது. அமிலமற்ற தாள் உறை ஒவ்வொன்றிலும் ஒரே காசு. உறையின் மேல் எண்ணைக் காசை உள்ளே இடுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். கடைகளில் கிடைக்கும் மென்மையான பிவிசி காசு உறைகள் நாளடைவில் செப்புக் காசில் பச்சைக் களிம்பைத் தோற்றுவிக்கும். உறை மாறிப்போனால் காசைத் திரும்ப அடையாளம் காண எடை துணை நிற்கும். ஆகவே ஒவ்வொரு காசையும் 0.01 கிராம் வரை நிறுத்து, விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, இரு முகங்களையும் படமெடுத்துப் பதியுங்கள்.

ஓலைச்சுவடிக்கு எண்ணை ஓலையில் எழுத வேண்டாம். பருத்தி நாடாவில் எழுதிக் கட்டின் கயிற்றோடு சேர்த்துக் கட்டுங்கள். சுற்றிவைக்கும் துணியின் வெளிப்புறத்திலும் அதே எண்ணுள்ள சீட்டு இருக்கட்டும். பலகை மாறிப்போவதுண்டு என்பதால் பலகையில் மட்டும் எண் இருப்பது போதாது. பதிவில் ஓலைகளின் எண்ணிக்கை, நீள அகலம், பக்கத்துக்கு எத்தனை வரி, முறிந்தவை எத்தனை, தொடக்க வரி, இறுதி வரி ஆகியவை வேண்டும். இடப்பக்க ஓரத்தில் ஏடு எழுதியவரே தமிழ் எண்களில் ஏட்டெண் குறித்திருப்பார். அதைக் கொண்டு எந்த ஏடு இல்லை, எது இடம் மாறியிருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். வரிசை கலைந்திருந்தாலும் உடனே மாற்றிக் கோக்காமல், இருந்த வரிசையை முதலில் குறித்துவிட்டுப் பிறகு சுவடியியல் அறிந்தவரோடு அமர்ந்து சரிசெய்யுங்கள்.

துணிக்கு, ஒருமுறை அலசி உலர்த்திய பருத்தி நாடாவில் நிறமி மையால் எண் எழுதி, பின்பக்க மூலையில் மடிப்புத் தையல் உள்ள உறுதியான இடத்தில், பருத்தி நூலால் இரண்டு மூன்று தளர்ந்த தையல் போடுங்கள். ஊசி இழைகளுக்கு நடுவே நுழைய வேண்டும், இழையைக் குத்தக் கூடாது. நைந்த பட்டில் தைக்கவே வேண்டாம், சுருட்டிய உருளையில் நாடாவைக் கட்டுங்கள். ஒளிப்படத்துக்கும் தாளுக்கும் 2பி பென்சிலால் பின்புறக் கீழ்மூலையில் அழுத்தாமல் எழுதுங்கள். பளபளக்கும் பிற்காலப் படத்தாளில் பென்சில் பற்றாது, அதற்கு உறையின் மேல் எழுதினால் போதும். பந்துமுனைப் பேனா எதற்கும் ஆகாது.

காட்சிச் சீட்டு இதிலிருந்து வேறுபட்டது. பார்வையாளருக்கான அதில் பொருளின் பெயர், செய்பொருள், காலம், கிடைத்த ஊர், கொடுத்தவர், கீழே சிறிய எழுத்தில் சேர்க்கை எண் ஆகியவை இருந்தால் அடிப்படை நிறைந்தது. அதற்குமேல் இரண்டு வரி எழுதினால், அந்தப் பொருளைப் பார்த்தபடியே படிக்கத்தக்க வரிகளாக அவை இருக்கட்டும்: ‘விளிம்பில் உள்ள வெட்டுகளைக் கவனியுங்கள்’ என்பது போல. காலம் எழுதும்போது ஆதாரம் இருந்தால் மட்டும் நூற்றாண்டு போடுங்கள். ‘மிகப் பழமையானது’ என்று எழுதிவைப்பதை விட ‘காலம் தெரியவில்லை’ என்று எழுதிவைப்பது நேர்மையானது; மாணவர் ஒருவரை அது ஆய்வுக்கும் தூண்டலாம். கியூஆர் குறியீட்டுக்கு இங்கே இடம் உண்டு. ஆனால் இணையதளம் புதுப்பிக்கப்படாமல் நின்றுபோனால் அந்தக் கட்டம் எதையும் காட்டாது. பக்கத்தில் எண் அச்சாகியிருந்தால் பதிவேட்டைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

கணினிக்கு எக்செல் போன்ற அட்டவணையே தொடக்கத்துக்குப் போதும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: எண் கட்டத்தை முதலிலேயே ‘உரை’ வடிவமாக மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் 2025.10 என்று வரவு எண்ணை உள்ளிட்டதும் கணினி அதைத் தசம எண்ணாகக் கருதி 2025.1 ஆக்கிவிடும், பத்தாம் வரவு முதல் வரவாகிவிடும். பூச்சியங்களை முன்னால் நிரப்பி 003, 0012 என்று எழுதச் சொன்னதும் வரிசைப்படுத்தும்போது 10 என்பது 2-க்கு முன்னால் வந்து நிற்காமல் இருக்கத்தான். பின்னாளில் அருங்காட்சியக மென்பொருளுக்கு மாற விரும்பினால், மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் அருங்காட்சியகங்களுக்காக, அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய ‘ஜதன்’ இருக்கிறது. கட்டணமில்லாத் திறமூல மென்பொருள்களும் உள்ளன. ஒழுங்கான கட்டங்கள் கொண்ட அட்டவணை எந்த மென்பொருளுக்குள்ளும் போகும்.

வேலையை எங்கே தொடங்குவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிறந்த பொருளிலிருந்து தொடங்க மனம் விரும்பும், வேண்டாம். அலமாரிகளுக்கும் தட்டுகளுக்கும் முதலில் குறியீடு கொடுத்து, கதவருகே உள்ள முதல் தட்டின் இடது ஓரத்திலிருந்து வரிசையாக வாருங்கள். முதல் சுற்றில் எண், பெயர், ஒரு படம், இருக்கும் இடம் ஆகிய நான்கு மட்டும். ஒவ்வொரு பொருளோடும் எண் எழுதிய தற்காலிகச் சீட்டு ஒன்றை வைத்துக்கொண்டே போங்கள். அறை முழுவதும் முடிந்த பிறகே அளவு, விவரிப்பு, பழைய எண்கள், நிரந்தர எண் இடுதல் ஆகியவை. முதல் பத்துப் பொருளுக்கு நீண்ட கட்டுரை எழுதிவிட்டு மீதியைத் தொடாமல் நின்றுபோன தொகுப்புகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் எது இருந்தது, எது போனது என்று இன்று எவராலும் சொல்ல இயலாது.

பொருளை இடம் மாற்றினால் அன்றே இடக் கட்டத்தைத் திருத்துங்கள். கண்காட்சிக்கோ வகுப்புக்கோ எடுத்தால், அது இருந்த இடத்தில் எண், எடுத்தவர் பெயர், நாள் எழுதிய சீட்டை வையுங்கள். உடைந்து போனாலும், வேறு நிறுவனத்துக்குக் கொடுத்தாலும் அந்த எண்ணை வேறொரு பொருளுக்குத் தரக் கூடாது. பதிவேட்டில் காரணமும் நாளும் எழுதி அந்த வரியை அப்படியே விட்டுவிட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு வழிகளில் சரிபாருங்கள். பதிவேட்டிலிருந்து சில எண்களை எடுத்து அறையில் தேடுங்கள். பிறகு அறையில் சில பொருள்களைக் கையில் எடுத்துப் பதிவேட்டில் தேடுங்கள். முதல் வழி காணாமற்போனதைக் காட்டும், இரண்டாவது பதிவேறாததைக் காட்டும். பொறுப்பு அடுத்தவருக்கு மாறும் நாளில் இருவரும் சேர்ந்து அறை முழுவதையும் சரிபார்த்து, பதிவேட்டின் கடைசி எண்ணுக்குக் கீழே இருவரும் ஒப்பமிடுங்கள்.